ஸ்டியரிங் கனக்குதா? மாட்யூலைக் கழற்றும் முன் கேளுங்கள்

நாகர்கோவிலில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இன்றைக்கு எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் பற்றி மட்டும் கேளுங்கள். ஆயில் இல்லாமல் மோட்டாரே ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் அமைப்பு இது; மாட்யூல் என்பது அந்த மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி.

குளச்சல்: அண்ணா, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் விளக்கு எரியுது, ஸ்டியரிங் கனக்குது. அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சரியாகுது. மாட்யூல் போச்சு என்கிறார்கள்.

தம்பி, மாட்யூலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மோட்டார் 50 ஆம்பியர் வரை சுலபமாக இழுக்கும். எர்த் இணைப்பில், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில், வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கே 1 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியும் வயசானது என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் வோல்டேஜ் 10க்குக் கீழே விழும். அதைப் பார்த்த மாட்யூல் உதவியை நிறுத்திக்கொள்ளும். அது கெட்டதாக அர்த்தம் இல்லை, ஒழுங்காக வேலை செய்கிறது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் குமிழிலேயே இருக்கவேண்டும், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை மாட்யூலின் எர்த் வயரில். இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடிக்கட்டும். 0.2, 0.3க்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போச்சு. பாசிட்டிவ் பக்கமும், பெரிய ஃபியூஸ் உட்பட, இதே மாதிரி பாருங்கள். சும்மா நிற்கும்போது அளந்தால் ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு எர்த் போல்ட்டைக் கழற்றினால் வயர் முனையில் உள்ள லக்கின் (உலோக வளையத்தின்) அடியில் பச்சைப் பொடி உதிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

தக்கலை: பவர் ஸ்டியரிங் ஆயில் எப்போ மாற்றணும்?

உங்கள் வண்டியில் ஆயிலே கிடையாது.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்துக்குள் குறுகிய வழியில் முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பினால் கொஞ்ச நேரத்தில் இறுகிப்போகுது. பத்து நிமிடம் நின்றால் சரியாகுது.

மோட்டார் சூடாகிவிட்டது, மாட்யூல் கரண்ட்டைக் குறைக்கிறது. கோளாறு இல்லை. கடைசிவரை ஒடித்துப் பிடித்தபடி நிற்காதீர்கள்.

மார்த்தாண்டம்: ஸ்கேனரில் டார்க் சென்சர் (ஸ்டியரிங்கை எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்று அளப்பது) என்று கோளாறுக் கோடு (code) வருது. பழைய வண்டியில் கழற்றிய மாட்யூல் கிடைக்குது. போடலாமா?

கோடு சொல்வது சென்சரை, வாங்கப் போவது மாட்யூலா? பல வண்டிகளில் டார்க் சென்சருக்கு இரண்டு சிக்னல். நேராக விட்டால் இரண்டும் 2.5 வோல்ட் அருகே நிற்கும், ஒடித்தால் ஒன்று ஏற மற்றது இறங்கும். கனெக்டரை அசைத்தபடி பாருங்கள், திடீரென்று ஒன்று குதித்தால் வயரிங்தான். ஸ்டியரிங் காலத்தை (column, ஸ்டியரிங் தண்டுப் பகுதியை) கழற்றுவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் விட்டுத் தொடுங்கள். ஏர்பேக் இருக்கிறது. ஷாஃப்ட்டைப் பிரித்தபின் ஸ்டியரிங் சுற்றாமல் கட்டி வையுங்கள், சுற்றினால் உள்ளே உள்ள சுருள் கேபிள் அறுந்துபோகும்.

கருங்கல்: நான் பழைய மாட்யூல்தான் போட்டேன், நல்லா ஓடுதே.

ஓடும், அண்ணாச்சி. பிளக் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் கணக்கு வேறு. டீசல் வண்டிக்கு முன்பாரம் அதிகம், உதவியும் அதிகம். அதைப் பெட்ரோல் வண்டியில் போட்டால் வேகத்தில் ஸ்டியரிங் லேசாக மிதக்கும். வேரியண்ட் கோடிங், அதாவது எந்த மாடல் வண்டி என்று மாட்யூலுக்குச் சொல்லிக்கொடுப்பது, செய்தீர்களா? டார்க் சென்சருக்கு சீரோ வைத்தீர்களா, அதாவது கை வைக்காத நிலையைப் பூஜ்யமாகப் பதிந்தீர்களா?

கருங்கல்: ஷோரூம்காரன் மாதிரிப் பேசாதீங்க. எங்கள் மெக்கானிக் போர்டில் சால்டர் வைத்தே சரிபண்ணுவார்.

சால்டரில் விரிசல் விட்டது உண்மை என்றால் நானும் கைதட்டுவேன். ரிலே காலடியில் சால்டர் விரிசல் விடுவது நடப்பதுதான். ஆனால் எர்த்தைச் சரிபார்க்காமல் போர்டைத் திறக்கிறவரோடு எனக்குச் சண்டைதான். எண்பதில் போகும்போது ஸ்டியரிங் தானாக இழுத்தால் யார் பொறுப்பு?

மார்த்தாண்டம்: அப்போ நான் வாங்கவா, வேண்டாமா?

முதலில் வயரிங்.

களியக்காவிளை: விளக்கு எரியுது, மாட்யூல் மாற்றலாமா?

குளச்சல் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆரல்வாய்மொழி: நாற்கர சாலையில் வண்டி இடப்பக்கம் ஒதுங்குது. மாட்யூலா?

உங்கள் ஊர்க் காற்றுக்கும் மாட்யூல் மேல் பழியா! காற்றில்லாத ஊரிலும் இழுத்தால் டயர் காற்று, அலைன்மென்ட். அது முடிந்தபின் ஸ்கேனரில் ஆங்கிள் சென்சருக்கு (ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளப்பது) சீரோ வைக்கச் சொல்லுங்கள்.

இரணியல்: விளக்கு எரியுது, மாட்யூலை...

எர்த், மக்கா. எர்த்.