கேஷும் காசும்

அன்புள்ள ஐயா,

வங்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில்தான். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 'ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்' என்று ஒரு பட்டியல் வந்தது. எட்டுதான் எய்ட், கொல்தான் கில், காசுதான் கேஷ் என்று போகிறது. பெருமையாக மகளுக்கு அனுப்பினேன். ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். 'கேஷ் பிரெஞ்சுச் சொல் அப்பா, இதையெல்லாம் பரப்பாதீங்க' என்று பதில் போட்டாள். பெரிய அகராதி ஒன்றைப் புரட்டினால் கேஷுக்கு இரண்டு பதிவு இருக்கிறது. ஒன்று பிரெஞ்சு என்கிறது, மற்றது தமிழ் என்கிறது. எது சரி? அப்புறம், ரொக்கம் என்கிறோமே, அதுவாவது தமிழ்தானா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

அகராதி குழம்பவில்லை. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு. கழுத்தில் போடும் மாலையும் பொழுது சாயும் மாலையும் நமக்கு இருப்பதைப் போல.

நீங்கள் முப்பத்தொரு வருடம் எண்ணியது உங்கள் மகள் சொல்லும் கேஷைத்தான். அதன் மூலம் லத்தீனில் 'காப்ஸா', பொருள் பெட்டி. இத்தாலியர் வாயில் 'காஸ்ஸா', பிரெஞ்சுக்காரர் வாயில் 'கெஸ்'. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்குப் பணம் என்பதல்ல, பணப்பெட்டி என்பதுதான் பொருள். 1598இல் ஜான் ஃப்ளோரியோ வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் 'காஸ்ஸா'வுக்கு வணிகரின் 'கேஷ்' என்று பொருள் தந்திருக்கிறார். அவர் சொல்வது பெட்டியைத்தான். பெட்டியின் பெயர் பிறகுதான் உள்ளே கிடந்த பணத்துக்கு ஏறியது.

இது நமக்குப் புதிதில்லை. மளிகைக் கடையில் மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டி கல்லா. 'படம் முதல் வாரத்திலேயே கல்லா கட்டிவிட்டது' என்றால் யாரும் பெட்டியை நினைப்பதில்லை. தேர்தல் நேரத்தில் 'பெட்டி வந்துவிட்டதா' என்று கேட்டால் அது எந்தப் பெட்டி, உள்ளே என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெட்டி பெரும்பாலும் சூட்கேஸ். அதில் இருக்கிற 'கேஸ்' கூட அதே காப்ஸாவின் பிள்ளைதான். ஆக சூட்கேஸில் கேஷ் போவது, சொல்லின் கணக்குப்படி, பெட்டிக்குள் பெட்டி. மாத்திரைக் கடையின் கேப்ஸ்யூல் குட்டிப் பெட்டி. கேஷியர் என்றால் பெட்டிக்குப் பொறுப்பானவர். பணத்துக்குக் கூட அல்ல, பெட்டிக்கு!

ஃப்ளோரியோவின் அகராதி வந்த பிறகுதான், 1600இல், கிழக்கிந்தியக் கம்பெனியே தொடங்கியது. சென்னைக் கோட்டைக்கு இன்னும் நாற்பது வருடம் இருந்தது. வாட்ஸப் பட்டியலுக்கு இந்த வரிசை ஒத்துவராது.

சரி, இரண்டாவது கேஷ். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. இதன் கதையில் இடைத்தரகர் போர்த்துகீசியர். இங்கே வந்தவர்கள் கடைத்தெருவில் 'காசு' என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது, அதுவும் காப்ஸாவிலிருந்து வந்ததுதான், பெட்டி என்றுதான் பொருள். கேட்ட சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்த்துவிட்டார்கள். சில்லறை நாணயமும் காய்ஷா ஆயிற்று. ஆங்கிலேயர் அதை வாங்கிக் கேஷ் என்றார்கள். தமிழ்க் காசு லத்தீன் பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்த கதை இது. பட்டியல் போட்டவர் ஏமாந்தது அந்தச் சட்டையைப் பார்த்துத்தான்.

சென்னை மாகாணத்தில் 1818 வரை இந்தக் கேஷ் சட்டப்படியான நாணயம். 80 காசு ஒரு 'பணம்' (அதுவும் அன்று ஒரு நாணயத்தின் பெயர்), 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். ஒரு வராகனுக்குச் சில்லறை கேட்டால் 3,360 காசு எண்ண வேண்டும். அந்தக் காலத்துக் கேஷியரை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காசில் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1808இல் இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கத்து சோஹோ அச்சுச்சாலையில் அடித்த செப்புக்காசு. சென்னைக்காக இவற்றை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் காசுகளை அள்ளி வந்தார்கள். அதனால் அரிய பொருள் ஒன்றும் இல்லை, சேகரிப்பவர்களிடம் சுலபமாகக் கிடைக்கிறது. என்னுடையதன் ஓரத்தைக் கடல் தின்றிருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம், ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தில் மதிப்பு, அதன் கீழே ரோமன் எழுத்தில் 'எக்ஸ் கேஷ்', அதாவது பத்துக் காசு. பாரசீக வரியிலும் 'காஸ்' என்றே இருக்கிறது. தமிழ்ச் சொல், இரண்டு அயல் லிபிகளில். தமிழில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

நடுவில் சதுரத் துளையிட்ட சீன நாணயங்களைப் பார்த்திருப்பீர்கள், கயிற்றில் கோத்து வைப்பார்கள். சீனர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இன்றுவரை அதன் பெயர் கேஷ்தான். போர்த்துகீசியர் காய்ஷாவைக் கீழைக் கடல் முழுக்கக் கொண்டுபோய் அங்கிருந்த சில்லறைக்கெல்லாம் சூட்டியதன் பலன். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, திருவிதாங்கூரில், 1949 வரை கேஷ் என்று அச்சிட்ட காசு புழங்கியது. 16 காசு ஒரு 'சக்கரம்' என்ற நாணயம்.

காசு நம்மிடம் எவ்வளவு பழையது என்பதற்குக் குறுந்தொகை 67ஆம் பாட்டு போதும். வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்விய கிளி, புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகத்தால் பொன் காசைப் பிடித்திருக்கும் கையைப் போல இருக்கிறதாம். அங்கே காசு சில்லறை இல்லை, மாலையில் கோக்கும் மணி. காசுமாலை போடும் வீடுகளில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. அதற்கும் பின்னால் போய், 'கர்ஷ' என்ற வடமொழி எடையளவோடு காசை இணைக்கும் அகராதிகளும் உண்டு. இருக்கட்டும். போர்த்துகீசியர் காதில் விழுந்தது 'கர்ஷ' அல்ல.

எட்டு, எய்ட் விஷயத்தை மட்டும் மகளிடம் வாதாட வேண்டாம். எண்பது, எண்ணூறு என்கிறோம். நம் எண்ணின் வேர் 'எண்', எட்டு அதிலிருந்து வந்த வடிவம். ஆங்கிலத்தில் பின்னோக்கிப் போனால் 'எயஹ்த', ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ'. பின்னால் போகப்போக இரண்டும் விலகுகின்றன. உறவுக்காரச் சொற்கள் பின்னால் போனால் நெருங்கும். கொல், கில் போன்ற ஒற்றை ஜோடி எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் தற்செயலாகச் சிக்கும். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்தில் சந்தேகமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஜோடிகளைத் தேடி அலைவானேன்?

ரொக்கம்: ரகரம் நம் மரபில் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் ராமனை இராமன் என்றும் ராசாவை இராசா என்றும் எழுதினோம். ரொக்கம் வந்து சேர்ந்த சொல். தெலுங்கில் ரொக்கமு, மராத்தியில் ரோக், இந்தியில் ரோக்கட். உங்கள் வங்கிச் சலானில் 'ரொக்கம்' என்று போட்டிருந்த இடத்தில் 'காசு' என்று போட்டிருந்தால் ஒருவர்கூட மறுத்திருக்க மாட்டார்கள், ஆனால் 'காசாகவா, செக்காகவா' என்று கேட்க உங்கள் மேலாளர் மட்டும் சற்றுச் சங்கடப்பட்டிருப்பார்.