இதய நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயாளிகள் எழுதியவை அல்ல. மகள்களும் மனைவிகளும் மருமகன்களும் எழுதியவை. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். உங்கள் கண்ணில் படுவது எதையும் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள்.

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் தேவையான அளவு ரத்தத்தை இறைப்பதில்லை. மூன்றே நாளில் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. "இப்போது நன்றாகப் பசிக்கிறது, அதனால்தான்" என்கிறார். அப்படி இருக்குமா?

இருக்காது. மூன்று நாளில் இரண்டு கிலோ சதை போட வழியில்லை. அது நீர். இதயம் போதிய அளவு ரத்தத்தை வெளியேற்றாதபோது சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேக்கிவைத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும். கால் வீங்குவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே பலருக்கு எடைக்கருவி காட்டிக்கொடுத்துவிடும். நாளை வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ஒரே நாளில் ஒன்றரை கிலோ, அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் தகவல் சொல்ல வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில், அதே கருவியில் எடை பார்க்க வேண்டும். கருவி கெட்டியான தரையில் இருக்கட்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே இன்னும் இரண்டு குறிப்புகள் வேண்டும். ஒன்று, கணுக்கால். எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. மற்றொன்று, தலையணை. இதுவரை ஒன்றில் தூங்கியவர் மூன்று கேட்கிறார், அல்லது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்குகிறார் என்றால், எடை ஏறாவிட்டாலும் அன்றே சொல்லியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் நேராக ஆம்புலன்ஸ்தான்.

எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையில் ஈ.எஃப். 35 சதவீதம் என்று இருக்கிறது. அம்மாவின் இதயத்தில் மீதி 65 சதவீதம் செயலிழந்துவிட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயம்கூட முழுவதையும் வெளியேற்றாது. 50 முதல் 70 சதவீதம்தான். எனவே 35 என்பது குறைவு, ஆனால் நீங்கள் நினைத்த பொருளில் அல்ல. மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் பலருக்கு இது மேலே வரவும் செய்யும். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: போன மாதம் எத்தனை படி ஏறினார், இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறார்?

நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எத்தனை வைக்கலாம்?

முதலில் அவரை உட்காரவையுங்கள். இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். நின்றுகொண்டு போட்டால் மயங்கி விழக்கூடும். ஒன்றை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றாலோ, கூடுகிறது என்றாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். அடுத்த மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி வைக்கலாம். ஆனால் அதற்காக அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். முதியவர்கள், பெண்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் மட்டும் வருவதுண்டு.

நாக்கின் அடியில் வைக்கும் அந்த மாத்திரை நைட்ரோகிளிசரின் என்றால், அது வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். கிழமை வாரியான மாத்திரைப் பெட்டிக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். இன்னொன்று, பலர் கூச்சப்பட்டு மறைப்பது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, டடாலஃபில் எடுத்து 48 மணி நேரமோ ஆகும் முன் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு சரியும். மனைவியிடம் சொல்லத் தயங்கினாலும் ஆம்புலன்ஸில் வருபவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்று செய்தி வருகிறதே?

நம்பாதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். இருமும் நேரத்தில் ஆம்புலன்ஸை அழைத்துவிடலாம். கதவைத் திறந்துவைத்துவிட்டு உட்காருங்கள். உடன் இருப்பவர் சுயநினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால், நெஞ்சின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் உதவி வரும்வரை அழுத்துங்கள்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கலாமா?

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வேண்டவே வேண்டாம். அவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். நீர் பிரியத் தரும் மருந்தின் வேலையையும் கெடுக்கும். பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது, ஆனால் நீரில் நுரைத்துக் கரையும் வகையில் சோடியம் அதிகம். அதேபோல, "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தவா?

இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய். அது அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு. பல் மருத்துவரை அவருடன் பேசச் சொல்லுங்கள்.

பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். கையைப் பிடித்துத் தூக்கிவிடலாமா?

கூடாது. அறுவைச் சிகிச்சையில் பிளந்த நெஞ்செலும்பு கூடிவர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு எழட்டும். நீங்கள் முதுகைத் தாங்கினால் போதும். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தையல் இடம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, நெஞ்செலும்பு "டக்" என்று அசைந்தாலோ உடனே தெரிவியுங்கள்.

கணவருக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து ஒரு டம்ளரைக்கூட அவரைத் தூக்க விடுவதில்லை. அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறார். இரவில் அவர் மூச்சுவிடுகிறாரா என்று பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் இல்லை.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். படுக்கையிலேயே கிடந்தால் தசை கரையும், கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும், மனமும் ஒடுங்கிப்போகும். மருத்துவர் அனுமதித்த பின் நடக்கட்டும். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் சரி. பேச முடியாமல் திணறினால் வேகம் அதிகம். இதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் கட்டாயம் சேருங்கள். மாத்திரைகளை எடுத்துவைப்பதும் நோட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பாகட்டும். நீங்கள் சரிபார்த்தால் போதும்.

மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம். அதற்குச் சிகிச்சை உண்டு. பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அடுத்த முறை அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் தூக்கமின்மையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாரத்தில் சில இரவுகளாவது வேறொருவர் அவர் அறையில் இருக்க, நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.