அந்த அக்காவுக்கு ரசீது குடுத்தியா தம்பி?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயசு, பாபநாசம் பக்கத்துல கிராமம், கும்பகோணத்துல ஒரு பிரைவேட் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். ஏழைக் குழந்தைங்களோட இருதய ஆபரேஷனுக்காக ஒரு டிரஸ்ட் அடுத்த வருஷம் கிளிமஞ்சாரோ மலை ஏற டீம் கூட்டிட்டுப் போறாங்க. ஆளுக்கு 5 லட்சம் திரட்டணும், அதுல 3,20,000 ட்ரிப் செலவு, மீதி குழந்தைங்களுக்கு. சும்மா கை நீட்டப் பிடிக்காம சனி ஞாயிறுல கிடைக்கிற வேலையெல்லாம் செய்யறேன். தண்ணி டேங்க் கழுவறது, கார் கழுவறது, கல்யாணத்துல பந்தி பரிமாறுறது, தென்னை மட்டை இழுத்துப் போடறதுன்னு எதையும் விடல. மூணு வாரமா எங்க தெரு மிராசு வீட்டுல மாட்டுக் கொட்டாய், கொல்லையெல்லாம் கூட சுத்தம் பண்றேன், வழக்கமா வர்ற அக்காவ ஞாயித்துக்கிழமை மட்டும் வர வேணாம்னுட்டு என்னைய கூப்பிட்டாங்க, அவங்களுக்கு 300 தான், எனக்கு நல்ல காரியம்னு 1000 குடுக்கறாங்க. ரீல்ஸ் போட்டா செம ரெஸ்பான்ஸ். ஆனா அப்பா என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டார். 'படிக்க வச்சது சாணி அள்ளவா'ன்னு ஒரு தடவை கேட்டார், அதோட சரி. அம்மா அழுவுறாங்க. நான் என்ன திருடவா செஞ்சேன்? அப்பாவுக்கு எப்படி புரிய வைக்கிறது?
- பெயர் வேண்டாம், பாபநாசம் வட்டம்

பதில்: தம்பி, நல்ல காரியம் பண்றே, அப்பா ஒரு நாள் புரிஞ்சுக்குவார், மனசைத் தளர விடாதேன்னு எழுதுவேன்னு எதிர்பாத்திருப்பே. மாரத்தான் ஓடறேன், சைக்கிள்ல கன்னியாகுமரி போறேன், மலை ஏறறேன், வீட்டுல யாருக்கும் என் அருமை தெரியலன்னு இந்த மாதிரி லெட்டர் எவ்வளவோ படிச்சாச்சு. அப்பா விஷயத்துக்கு அப்புறம் வரேன். நீ போற போக்குல ஒரு வரி எழுதிட்டு நேரா ரீல்ஸுக்குப் போயிட்டே பாரு, என்னால அத தாண்டி வர முடியல. வழக்கமா வர்ற அக்காவ வர வேணாம்னுட்டாங்க.

எழுதும்போது கை கொஞ்சம் கூட நிக்கலையா உனக்கு?

சரி, நீ அக்கவுன்ட்ஸ் பாக்கற ஆளு, கணக்காவே பேசுவோம். 5 லட்சத்துல 3,20,000 ட்ரிப்புக்குன்னா நூத்துக்கு 64 ரூபா. மிராசு வீட்டு அத்தை குடுத்த ஒவ்வொரு 1000-லயும் 640 ரூபா உன் ஃப்ளைட்டு, பெர்மிட்டு, டென்ட்டு, சோறு. புள்ளைங்களுக்குப் போறது 360. அந்த 360-க்காக ஒரு பொம்பளை 300 ரூபா கூலிய விட்டிருக்கு. மூணு வாரத்துக்கு 900 ரூபா. உன் டோனர் லிஸ்ட்ல அந்தப் பேரு இருக்கா? ரசீது குடுத்தியா? இருக்காது, ஏன்னா அவங்க குடுக்கல, அவங்ககிட்டேருந்து எடுத்தாச்சு. நீ திருடவா செஞ்சேன்னு கேக்கறே, நான் அந்த வார்த்தைய சொல்ல மாட்டேன், ஆனா 900 ரூபா ஒரு கையிலேருந்து போயிருக்கு, அந்தக் கை கிட்ட யாரும் கேக்கலங்கறது மட்டும் நிஜம்.

300 ரூபா என்ன பெரிய காசுன்னு உனக்குத் தோணலாம், வீக்எண்ட்ல கும்பகோணத்துல ரெண்டு பேர் பிரியாணி சாப்பிட்டு எந்திரிச்சா போற காசு. நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு வேலை எப்படி வருதுன்னு உனக்கு நான் சொல்லணுமா, நீயும் அந்த ஊரு தானே. ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவை உண்டு, அணையில தண்ணி இல்லாத வருஷம் அதுவும் தள்ளிப் போயிடும். நாத்து பறி, நடவு, களை எடுப்புன்னு கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் சம்பா தாளடிக்கு மறுபடி கொஞ்ச நாள். அறுப்ப மெஷின் எப்பவோ எடுத்துக்கிச்சு, இப்ப நடவுக்கும் மெஷின் இறங்குது. இந்த சீசனுக்கும் அந்த சீசனுக்கும் நடுவுல அடுப்பு எரியறது இந்த மாதிரி கொட்டாய் கூட்டற காசுல தான். அதுல குழு லோன் வேற இருந்துச்சுன்னா கேக்கவே வேணாம். வாரத் தவணை வசூலுக்கு ஆள் வந்து யாரு வீட்டுத் திண்ணையிலயாவது நோட்டை விரிச்சு உக்காந்துடுவாங்க, ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க போட்டுக் கட்டற வரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போக முடியாது, அத்தனை பேரு முன்னாடி 300 குறையுதுன்னு சொல்றதுக்கு எவ்வளவு கூசும்னு அந்தத் திண்ணையில உக்காந்தவங்களுக்குத் தான் தெரியும். ஞாயித்துக்கிழமை நீ ரீல்ஸுக்குப் பாட்டு செலக்ட் பண்ணிட்டு இருந்த நேரத்துல அவங்க யாருகிட்ட கைமாத்து கேட்டுட்டு நின்னாங்களோ.

இன்னொன்னு, அதே கொட்டாய், அதே சாணி, அதே விளக்குமாறு, மழையில வழுக்கற அதே தரை. வருஷம் முழுக்க செய்யற ஆளுக்கு 300, மூணு வாரம் செஞ்ச உனக்கு 1000. அந்த 700 எதுக்கு, உன் டிகிரிக்கா? நீ அவங்கள விட சுத்தமா பெருக்கியிருப்பேன்னு நான் நம்பல. அந்த அத்தைக்கு நெஜமாவே குடுக்கற மனசு இருந்தா டிரஸ்ட்டுக்கு நேரா 1000 அனுப்பலாம், முழு 1000-மும் ஆபரேஷனுக்கே போகும், டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்குப் பதிவு இருந்தா அதுக்கான ரசீதும் கிடைக்கும். வழக்கம்போல அக்காவுக்கு 300-ம் குடுத்திருக்கலாம். ஆனா அவங்க பண்ணது என்ன, எப்படியும் குடுக்க வேண்டிய 300-ஐ மிச்சம் புடிச்சு அதுக்கு மேல 700 போட்டு முழு 1000-க்கும் புண்ணியம் கட்டிக்கிட்டாங்க, உனக்கு லைக்கு. நல்லா இருக்கு டீலு.

கூலி நம்ம ஜில்லாவுல லேசுப்பட்ட விஷயம் இல்ல தம்பி. கூலி கூட கேட்ட தகராறுல தான் 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேர குடிசையோட வச்சு எரிச்சாங்க, அப்ப அது தஞ்சாவூர் ஜில்லா, உன் ஊருலேருந்து பஸ்ஸுல போயிட்டு வந்துடற தூரம். அதையும் இதையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா இந்த மண்ணுல பொறந்தவன் அடுத்தவங்க ஒரு நாள் கூலி மேல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கணும், நல்ல காரியம்னு பேரு வச்சுட்டா யோசிக்க வேணாம்னு ஆயிடாது.

இப்ப அப்பா. சாணி அள்ளறது கேவலம்னு அவர் நெனைச்சா அது தப்பு, அதுல நான் அவர் கட்சி இல்ல. மாடு இருக்கற ஊருல சாணிய தொடாம வளந்தவன் யாரு. ஆனா அவர் அது ஒண்ணுக்காகத் தான் பேசாம இருக்கார்னு நீயா எப்படி முடிவு பண்ணே? அந்த அக்கா யாரு வீட்டு மருமக, அவங்க மாமியா உங்க வயல்ல எத்தனை வருஷம் நடவு நட்டாங்க, உங்க வீட்டுல ஒரு சாவு விழுந்தப்ப மொத ஆளா வந்து நின்னது யாருன்னு உனக்குத் தெரியுமோ என்னவோ, அவருக்குத் தெரியும். அந்த அக்கா வீட்டுக்காரர் டீக்கடையில பக்கத்து பெஞ்சுல உக்காந்து ஒண்ணும் கேக்காம பேப்பர் பாத்துட்டு இருந்தா உங்க அப்பாவால டீய குடிக்க முடியுமா சொல்லு. இதையெல்லாம் நம்ம ஊரு அப்பாங்க உக்கார வச்சு எடுத்துச் சொல்ல மாட்டாங்க. வாயத் தொறந்தா 'படிக்க வச்சது சாணி அள்ளவா'ன்னு தான் வரும். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பக்கத்துல போய் உக்காந்து கேக்க வேண்டியது புள்ளையோட வேலை, நீ போனைத் தூக்கிட்டு கொட்டாய்க்குப் போயிட்டே. முறை சொல்லிக் கூப்பிடற ஆளுங்களுக்கு நம்ம ஏதோ ஒரு விதத்துல கடமைப்பட்டவங்க, முகம் தெரியாத புள்ளைங்களுக்கு உதவறதெல்லாம் அதுக்கு மேல தான், அதுக்குப் பதிலா இல்ல. இது என் கட்சி. பழைய பஞ்சாங்கம்னு சொன்னா சொல்லிக்கோ. அப்பாவ சமாதானம் பண்ண உனக்கு நான் டயலாக் எல்லாம் எழுதித் தர மாட்டேன்.

மலைய விட்டுடுன்னும் சொல்லல. போயிட்டு வா. ஆனா மலைக்கு ஆகற 3,20,000 உன் சம்பளத்துலேருந்து போகட்டும், அடுத்தவங்க குடுக்கற ஒவ்வொரு ரூபாயும் புள்ளைங்களுக்கு. ஒரே வருஷத்துல சேராதா, ரெண்டு வருஷம் ஆகட்டும். உன் ஆசைக்கு நீ செலவு பண்ணு, ஆசைப்படறதுல தப்பே இல்ல, அத சேரிட்டி கணக்குல எழுதாதே, அவ்வளவு தான்.

அந்த மலையிலயும் இதே கதை தான்னு தெரிஞ்சு வச்சுக்கோ. 5895 மீட்டர், ஆப்பிரிக்காவுலயே உசரம், ஆனா கயிறு கட்டித் தொங்க வேண்டியது இல்ல, வழக்கமான ரூட்ல நடந்தே ஏறலாம். நடக்கறது நீ. உன் டென்ட்டு, அடுப்பு, அரிசி பருப்பு, தட்டு முட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு உனக்கு முன்னாடி கேம்புக்குப் போய்ச் சேர்ந்து நீ வர்றதுக்குள்ள வெந்நீர் வச்சிருக்கறது அந்த ஊரு போர்ட்டருங்க. ஆளுக்கு 20 கிலோ தான் தூக்கலாம்னு அங்க ரூல் இருக்கு, எடை போட கேட்டுல தராசும் இருக்கு. மலையேறப் போறவங்கள விட போர்ட்டருங்க எண்ணிக்கை தான் ஜாஸ்தி. சம்பளம் கம்மி, டிப்ஸ நம்பி வர்றவங்க, ரேட்டைக் குறைச்சு ஆள் புடிக்கற கம்பெனி முதல்ல கை வைக்கறது இவங்க கூலியில தான். அதனால டிரஸ்ட்காரங்ககிட்ட நேராவே கேளு, 3,20,000-ல போர்ட்டர் கூலி எவ்வளவு, டிப்ஸ் இதுல சேர்த்தியா தனியான்னு. பதில் சொல்லாம மழுப்பினா வேற டீம் பாரு. எத்தனை நாள் ரூட்டுன்னும் கேளு, தொட்டபெட்டாவே 2637 மீட்டர் தான், அதுக்கு ரெண்டு பங்குக்கு மேல போறே, ஏழு எட்டு நாள் எடுத்து மெதுவா ஏறினா தான் உடம்பு பழகும். அஞ்சே நாள்ல ஏத்தி இறக்கிடறோம்னா வேணாம்னுடு.

வேலை செஞ்சு தான் காசு சேப்பேன்னா செய், யாரு பொழப்பும் இல்லாத வேலையா பாத்து செய். பெரியவங்கள நவக்கிரக கோயிலுக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு கிளம்பிடாதே, அது டாக்ஸிக்காரர் வயித்துல அடிக்கறது. டேங்க் கழுவறதுக்கும் ஊருல ஆள் இருக்காங்களான்னு மொதல்ல விசாரி, பந்திக்கும் அப்படியே, சமையல்காரரோட பரிமாற வர்ற பசங்களுக்கும் அன்னைக்குக் கூலி உண்டு. புள்ளைங்க எல்லாம் சென்னை, சிங்கப்பூர்னு போயிட்டு பெரிய வீட்டுல கிழவனும் கிழவியுமா எத்தனை பேரு இருக்காங்க உன் ஊருல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய் டோக்கன் போட்டு கூட நிக்க ஆள் இல்ல. படுத்த படுக்கையா இருக்கற மாமியாரை ஒரு மணி நேரம் பாத்துக்க ஆள் இருந்தா நிம்மதியா கோயிலுக்குப் போயிட்டு வரலாம்னு ஏங்கற மருமகளுங்க இருக்காங்க. பழைய கல்யாண ஆல்பத்த ஸ்கேன் பண்ணி பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா வெளிநாட்டுல இருக்கற புள்ளைங்க நல்லாவே குடுப்பாங்க. ரீல்ஸுக்கு இதெல்லாம் அவ்வளவு எடுப்பா இருக்காது, பரவால்ல.

அதுக்கெல்லாம் முன்னாடி வர்ற ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது. மிராசு வீட்டுக்குப் போய் அத்தை இனிமே நான் வரல, அக்காவையே கூப்பிடுங்கன்னு சொல்லு. 300-க்கு மேல குடுங்கன்னும் சொல்லு, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். அப்புறம் 900 ரூபாய உன் சம்பளக் காசுலேருந்து எடுத்து, ஃபண்டுலேருந்து இல்ல, அந்த அக்கா வீட்டுக்கே போய் குடு. ஜிபேல அனுப்பாதே, வீடியோ எடுக்காதே, உதவி பண்ற மாதிரி மூஞ்சிய வச்சுக்காதே, உங்களுக்குச் சேர வேண்டிய காசுன்னு சொல்லிக் குடு. வாங்க மாட்டேன்னா அவங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்துடாதே, அவங்க கையிலயே சேரணும், திரும்பப் போ. வீட்டுல அப்பாகிட்ட இத நீயா சொல்லிக்காட்டாதே, டீக்கடை வழியா அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சுடும்.

பிராக்டிஸுக்கு நம்ம பக்கம் மலை கிடையாது, பேருல மலை இருக்கற சுவாமிமலையும் 60 படியோட முடிஞ்சுடும். அந்த 60-ஐயே விடியக்காலம் முதுகுல பையை மாட்டிக்கிட்டு பத்து தடவை ஏறி இறங்கு, சாமி கும்பிட வர்றவங்க வழிய மறைக்காம. பிப்ரவரிக்கு மேல வெள்ளியங்கிரி போகலாம், திருவண்ணாமலை பக்கம் பர்வதமலை இருக்கு. ஷூவ மட்டும் இப்பவே வாங்கிப் போட்டுப் பழகிக்கோ, புது ஷூவோட அங்க போய் இறங்கினா ரெண்டாவது நாளே குதிங்கால் கொப்புளிச்சுடும்.