டிவியில் பார்த்த மாத்திரையை டாக்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாத மாத்திரைகளுக்கெல்லாம் இங்கே டிவியில் விளம்பரம் வருகிறது. நாமாக வாங்க முடியாத மருந்துக்கு நம்மிடம் எதற்கு விளம்பரம்?

உங்களைக் கேட்க வைப்பதற்கு. "உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்று முடியும் அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற காட்சிகள் எல்லாம். சீட்டு தேவைப்படும் மருந்தைப் பெயர் சொல்லிப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தத் தாராளமாக அனுமதிப்பவை அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய 2 நாடுகள்தான். அமெரிக்காவில் 1962 முதல் இந்த விளம்பரங்கள் எஃப்.டி.ஏ. என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கண்காணிப்பில் இருக்கின்றன. பக்கவிளைவு விவரங்களை விரிவாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் டிவிக்கு அது ஒத்துவரவில்லை. 1997-இல் எஃப்.டி.ஏ. வழிவிட்டது. முக்கிய ஆபத்துகளை மட்டும் சொல்லிவிட்டு, மீதி விவரம் எங்கே கிடைக்கும் என்று இலவசத் தொலைபேசி எண்ணையும் இணையதளத்தையும் காட்டினால் போதும் என்றது. டிவி விளம்பரங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

மருந்தின் பெயரையும் அது எந்த நோய்க்கு என்பதையும் சொல்லும் விளம்பரம் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். பெயரை மட்டும் சொன்னால் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மருந்து எதற்கு என்று மூச்சுவிடக் கூடாது. மருந்தின் பெயரே இல்லாமல், "இந்த அறிகுறி இருக்கிறதா? டாக்டரைப் பாருங்கள்" என்று மட்டும் சொல்பவையும் உண்டு. நோயாளிக்கு நிஜமாகவே உதவக்கூடியது இந்த வகைதான். ஆனாலும் கீழே யார் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த நோய்க்கு மருந்து விற்கும் நிறுவனமாகவே பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: "மாரடைப்பை 36 சதவீதம் குறைக்கிறது" என்று ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை விளம்பரத்தில் பார்த்தேன். 100 பேர் சாப்பிட்டால் 36 பேர் தப்புவார்கள் என்று அர்த்தமா?

இல்லை. அது லிப்பிட்டார் விளம்பரம். அதிலேயே சிறிய எழுத்தில் விளக்கமும் இருந்தது: மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, லிப்பிட்டார் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு. 3-இலிருந்து 2-க்கு இறங்குவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால் அது பெரிய எழுத்தில் 36 ஆகிவிடுகிறது. தலைக்கணக்கில் பார்த்தால், சுமார் 3 ஆண்டுகள் 100 பேர் விழுங்கியதில் தப்பியவர் ஒருவர். 97 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் வந்திருக்காது. 2 பேருக்கு மாத்திரை போட்டும் வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்தே அதிகம் என்பதால், அதே மாத்திரையால் தப்புகிறவர்களின் எண்ணிக்கையும் கூடும். எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் "எத்தனையிலிருந்து எத்தனைக்கு? எத்தனை ஆண்டில்?" என்று கேளுங்கள்.

கேள்வி: விளம்பரத்தில் பார்த்த மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் டாக்டர் தவறாக எடுத்துக்கொள்வாரா?

கோபத்தைவிட, அவர் சட்டென்று சம்மதித்துவிடுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை 152 டாக்டர்களிடம் அனுப்பினார்கள். சிலர் உண்மையான மனச்சோர்வு நோயின் அறிகுறிகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னது வாழ்க்கைச் சிக்கலால் வந்த தற்காலிக வாட்டம். அதற்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது.

வாட்டத்தோடு வந்து எதுவும் கேட்காதவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மாத்திரை எழுதப்பட்டது. டிவியில் பார்த்ததாகச் சொல்லி பாக்சில் என்று பெயரோடு கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு! விளம்பரத்தின் கெடுதல் இது. உண்மையான மனச்சோர்வோடு போனவர்களின் கணக்கு வேறு மாதிரி. வாயைத் திறக்காதவர்களில் 31 சதவீதம் பேருக்கும், பெயர் சொன்னவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மாத்திரை கிடைத்தது. பெயர் சொல்லாமல், "இதற்கு மருந்து ஏதாவது உதவுமா?" என்று மட்டும் கேட்டவர்களில் 76 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. ஆக, கேட்பது நல்லது. பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

அதனால் முதலில் உபாதையைச் சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, எப்போது கூடுகிறது, இதுவரை என்ன சாப்பிட்டுப் பார்த்தீர்கள், வேறு எந்த மாத்திரைகள் ஓடுகின்றன, சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ கோளாறு உண்டா. டாக்டர் தன் கருத்தைச் சொன்ன பிறகு பெயரை எடுங்கள். "இது எனக்குப் பொருந்துமா? இதே வேலையைச் செய்யும் பழைய மருந்து இருக்கிறதா? மருந்தே இல்லாமல் கொஞ்ச நாள் பார்த்தால் என்ன ஆகும்?" இந்த 3 கேள்விகளுக்கும் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

கேள்வி: புது மருந்து என்றால் பழையதைவிட மேலானதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வெற்று மாத்திரையைவிட மேலானது என்று காட்டினாலே பல மருந்துகளுக்கு அனுமதி கிடைத்துவிடும். பழைய மருந்தோடு மோதிப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொன்று, 3,000 பேரிடம் சோதித்து ஒரு கெடுதல் ஒருவருக்குக்கூட வரவில்லை என்றாலும், அது 1,000 பேரில் ஒருவருக்கு வரும் வாய்ப்பை மறுக்க முடியாது. விளம்பரமோ மருந்து வந்த சூட்டோடு லட்சக்கணக்கானவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

மூட்டுவலி மாத்திரை வயாக்ஸ் 1999-இல் விற்பனைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டில் மட்டும் பொதுமக்களிடம் அதை விளம்பரப்படுத்தச் சுமார் 16 கோடி டாலர் செலவானது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004 செப்டம்பரில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரக்கூடியவர்களுக்கு அதனால் பயன் இருந்தது. பழைய வலி மாத்திரையே போதும் என்றிருந்த ஏராளமானவர்களும் அதற்கு மாறியதுதான் வேதனை.

கேள்வி: நான் குடும்ப மருத்துவர். மருந்தின் பெயரோடு வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்க நேரம் போதவில்லை. என்ன செய்வது?

வேண்டாம் என்று தொடங்கினால் நேரம் இன்னும் நீளும். "அந்த விளம்பரத்தில் எது உங்களுக்கு இருப்பதுபோல் பட்டது?" என்று கேளுங்கள். இதுவரை சொல்லாத உபாதையோ பயமோ பெரும்பாலும் அந்தப் பதிலில் வெளிவரும். பிறகு மறுப்பதானால் அவருக்கே உரிய காரணத்தைச் சொல்லுங்கள்: "உங்கள் ரத்த அழுத்தத்துக்கு இது ஆகாது", "நீங்கள் சாப்பிடும் இந்த மாத்திரையோடு ஒத்துப்போகாது". கூடவே, அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள் என்ற மருந்தை எழுத நேர்ந்தால், நோயாளி கேட்டதால் என்று குறிப்பில் பதிவு செய்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் தேதியையும் அன்றைக்கே அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.