பாரிஸில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, படிக்க வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பழைய ஆட்கள் நீங்கள் பாரிஸில் எங்கே சாப்பிடுவீர்கள், காசும் குறைவாக இருக்க வேண்டும், வாய்க்கும் ருசியாக இருக்க வேண்டும், மாடு மட்டும் சாப்பிடமாட்டேன் என்று கேட்டிருக்கிறீர். கூடவே அறை எடுப்பது எப்படி, பிரெஞ்சு எங்கே படிப்பது, குளிர்ச்சட்டை எங்கே மலிவு என்றும் கேட்டிருக்கிறீர். அறைக்கும் பாஷைக்கும் புத்தி சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். குளிர்ச்சட்டை எந்தக் கடையிலும் ஒன்றுதான். சாப்பாட்டுக்கு நான் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்கள் சொல்லும் பதிலைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். "லாச்சப்பலுக்குப் போம்" என்பார்கள், பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி அது. அதோடு முடிந்தது.

லாச்சப்பலுக்குப் போகாதேயும் என்று நான் சொல்லவில்லை. கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி ஃபோபூர் சன்-தெனி தெருவால் மேலே நடந்தால் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தமே வழி காட்டும். ரூ காய் தெருவில் மத்தியானச் சோறும் கறியும், பின்னேரம் ரோல்ஸும் தேத்தண்ணீரும், கடை வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். ஆகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் வரும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், அன்றைக்குக் கட்டாயம் போம், வெள்ளைக்காரரும் வரிசையில் நின்று மோதகம் வாங்கிச் சாப்பிடுவார்கள். ஊர் நினைவு வந்து நெஞ்சை அடைக்கிற நாளிலும் போம். மற்ற நாட்களில் வேறு இடமும் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த சிலர் இருக்கிறார்கள், இந்த நகரத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல், இன்னும் புறநகரில் இருந்து லாச்சப்பல், லாச்சப்பலில் இருந்து புறநகர், அவ்வளவுதான் அவர்களுடைய பாரிஸ். "பிரெஞ்சுச் சாப்பாட்டில் உப்புமில்லை உறைப்புமில்லை" என்பார்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தட்டில் வந்ததைச் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர்களில் பாதிப்பேர் பிரெஞ்சு ரெஸ்ரோரன்ட் குசினியில்தான் வேலை செய்தவர்கள். நல்ல வாத்து வறுவலும் மீன் சோஸும் தங்கள் கையாலேயே செய்து அனுப்பிவிட்டு, வேலை முடிய வீட்டுக்கு வந்து சோறும் பருப்பும் தின்கிறவர்கள். சோறு பருப்பில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கதவைத் தாண்டி மற்றப் பக்கத்தில் ஒரு மேசையில் போய் உட்காரலாம் என்று அவர்களுக்கு ஒருநாளும் தோன்றவில்லை, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நானும் பின்கதவால் வந்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்து, விசாப் பேப்பர் கையில் வருவதற்கு முன்பே கோப்பை கழுவப் போனேன். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு ஒடுக்கமான பாதை, அதுதான் எனக்கு வாசல். அந்த முதலாளி எழுத்தில் காட்டிய மணித்தியாலம் வேறு, நான் தண்ணீருக்குள் நின்ற மணித்தியாலம் வேறு, அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது. ஆனால் காலை பதினொரு மணிக்கு, ஆட்கள் வருவதற்கு முன், வேலைக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். கடுகுச் சோஸில் முயல், பயறு போட்ட பன்றி, கருவாடு மாதிரி உப்பில் காயவைத்த மீனை ஊறவைத்து உருளைக்கிழங்கோடு மசித்த பிராந்தாத். ஒருநாள் கறுப்பாக ஒன்றைப் பொரித்து வைத்தார்கள், ஆப்பிளோடு. பன்றி இரத்தம், பூதான் நுவார் என்றார்கள். கூட நின்ற பெடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊரில் இரத்த வறை என்றால் சட்டியைச் சுரண்டுகிறவன் அவன்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது, நேரம். இங்கே மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டில் இருந்து இரண்டு மணி வரை, இரவு ஏழு ஏழரைக்குப் பிறகு. மூன்றரை மணிக்குப் பசிக்கிறது என்று ஒரு நல்ல கடைக்குள் போனால் குசினி பூட்டி இருக்கும், திறந்திருப்பது அநேகமாகச் சுற்றுலாக்காரருக்கு விற்கிற கடை. இரண்டாவது, மத்தியானத்துக்கு ஃபோர்முல் என்று வைத்திருப்பார்கள், முன்னுணவும் பிரதான உணவும், அல்லது பிரதான உணவும் இனிப்பும், பதினைந்தில் இருந்து இருபது யூரோவுக்குள். அதே கடை, அதே சமையல்காரர், இரவில் போனால் விலை ஏறிவிடும். நல்ல இடத்தில் சாப்பிட வேண்டுமென்றால் மத்தியானம் போம். விலைப்பட்டியல் வாசலிலேயே போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம், வெளியில் நின்று ஆறுதலாக வாசித்துவிட்டு உள்ளே போம், ஒருவரும் துரத்தமாட்டார்கள்.

தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுத்து ஏமாறாதேயும். "யுன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் சும்மா கொண்டுவந்து வைக்க வேண்டும், சாப்பாட்டோடு பாணும் சும்மா. பாண் முடிந்தால் இன்னும் கேளும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பில்லில் பதினைந்து வீதம் சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, அமெரிக்காக்காரர் மாதிரி மேலே இருபது வீதம் வைக்கத் தேவையில்லை. சில்லறை மிஞ்சினால் வைக்கலாம், வைக்காவிட்டாலும் ஒருவரும் முகம் சுளிக்கக்கூடாது. சுற்றுலாப் பகுதியில் சிலர் கார்டு மெஷினை நீட்டி டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கப் பழகியிருக்கிறார்கள். "நொன், மெர்சி" போதும். முக்கியமான ஒன்று, உள்ளே போனதும் முதலில் "பொன்ஜூர்" சொல்லும். வாய் திறக்காமல் போய் உட்கார்ந்துவிட்டு, வெயிட்டர் தன்னைக் கறுப்பன் என்று மதிக்கவில்லை என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். நிறம் பார்க்கிறவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன், இருக்கிறார்கள், ஆனால் பொன்ஜூர் சொல்லாதவனை எந்த நிறமென்றாலும் இவர்கள் மதிக்கமாட்டார்கள்.

மாடு சாப்பிடமாட்டேன் என்றீரே, இதை மட்டும் கவனமாக வாசியும். இங்கே மெனுவில் பல நேரம் மாடு என்று எழுதியிருக்காது. அந்திரகோத், பாவெத், ஒங்லே, ஃபோ-ஃபிலே எல்லாம் மாட்டின் துண்டுகளுடைய பெயர்கள். தார்தார் என்றால் அநேகமாகப் பச்சை மாட்டிறைச்சி. வோ என்றால் கன்று, அது ஆடு என்று நினைத்து மாதக்கணக்காகத் தின்ற பெடியன்களை எனக்குத் தெரியும். அஷி பார்மாந்தியே என்று உருளைக்கிழங்கு மேலே மூடி வருவதற்கும் அடியில் வழக்கமாக மாடுதான். கபாப் கடை, இங்கே "கிரெக்" என்பார்கள், கிரேக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நடத்துகிறவர் அநேகமாகத் துருக்கிக்காரர், அந்தச் சுற்றுகிற இறைச்சி பல இடங்களில் கன்றும் வான்கோழியும் கலந்தது. கோழியா என்று கேட்டு வாங்கும். கேட்ட பிறகு அவர் "சலாத், தொமாத், ஒனியோன்?" என்று ஒரே மூச்சில் கேட்பார், அதற்கு ஆம் என்று சொல்லத் தெரிந்தால் உமக்குப் பாதிப் பிரெஞ்சு வந்துவிட்டது.

ஈஃபில் கோபுரத்துக்குக் கீழேயும் மொன்மார்த்தர் மலையிலும், ஆறு பாஷையில் படத்தோடு மெனு நீட்டி வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களிடம் போகாதேயும். சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதி, நாலைந்து சாப்பாடு மட்டும் போட்டிருந்தால் நம்பலாம். சட்டிக்கு வீட்டுக்கூரை போட்ட மாதிரி ஒரு சின்ன அடையாளம் 2014-ல் இருந்து இருக்கிறது, அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். அது இல்லாத பல கடைகளில் தொழிற்சாலையில் சமைத்துப் பையில் வந்ததைச் சூடாக்கித்தான் தருகிறார்கள். பை வெட்டிய கை இது, எனக்குத் தெரியும்.

முதல் முதல் எங்கே போகலாம் என்றால் ஒரு பூயோன், மலிவான பழையகாலத்துச் சாப்பாட்டுக்கடை. 1850களில் டுவால் என்ற இறைச்சிக்கடைக்காரர் சந்தைத் தொழிலாளருக்கு மலிவாக சூப்பும் இறைச்சியும் கொடுக்கத் தொடங்கிய வழக்கம் அது. அதில் ஃபோபூர் மொன்மார்த்தர் தெருவில் ஷார்த்தியே 1896-ல் இருந்து இருக்கிறது. மேசை பதிவு செய்ய முடியாது, வரிசையில் நிற்க வேண்டும், தெரியாதவர்களோடு ஒரே மேசையில் இருத்திவிடுவார்கள். கறுப்பு அங்கியும் வெள்ளை ஏப்ரனும் கட்டிய வெயிட்டர் உம்முடைய ஆர்டரைக் கடதாசி மேசைவிரிப்பிலேயே எழுதி, அதிலேயே கணக்கும் கூட்டிவிட்டுப் போவார். சுவரில் சின்ன சின்ன லாச்சிகள் இருக்கும், முந்தி நாளாந்தம் வருகிறவர்கள் தங்கள் வாய் துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டுப் போனவை. மயோனேஸ் போட்ட முட்டை, கோழி, கொழுப்பில் வேகவைத்த வாத்து கொன்ஃபி எடும். ருசி என்று பார்த்தால் சுமார்தான், வாதாட வரமாட்டேன். ஆனால் ஒருவர் என்ன உடுத்திருக்கிறார் என்று பார்க்காத இடம். நான் முன்கதவால் போய் உட்கார்ந்த முதல் பிரெஞ்சுக் கடை அதுதான், கழுவிக் கழுவிக் கை வெடித்திருந்தது, அந்தக் கையைப் பார்த்துவிட்டும் கிழட்டு வெயிட்டர் "மொசியே" என்றுதான் கூப்பிட்டார்.

உறைப்பு வேண்டுமென்றால் ஷாத்தோ ரூஜ் மெத்ரோவில் இறங்கும். ஆப்பிரிக்கர் பகுதி. தெஜான் தெருச் சந்தையில் மீனும் வெண்டிக்காயும் மரவள்ளியும் பச்சை மிளகாயும் வாங்கலாம், சுற்றிவரச் செனகல் கடைகளில் தியெபுஜென் என்று குறுணல் அரிசிச் சோறும் மீனும் பெரிய தட்டு நிறையத் தருவார்கள். மாஃபே என்ற நிலக்கடலைக் குழம்பு வேண்டாம், அது அநேகமாக மாடு. யாசா கோழி எடும், வெங்காயமும் தேசிக்காயும். எங்கள் ஆட்களில் சிலர் அந்தப் பக்கம் போகப் பயப்படுத்துவார்கள். லாச்சப்பலில் இருந்து நடந்து போகிற தூரம், போம். பதின்மூன்றாம் வட்டாரத்தில் சுவாசி, இவ்ரி அவெனியூப் பக்கம் வியட்நாம், கம்போடியாக்காரர், 1975-க்குப் பிறகு அகதியாக வந்தவர்கள். அவர்களுடைய ஃபோ சூப்பைக் காட்டி எல்லோரும் ஆசை காட்டுவார்கள், அந்தத் தண்ணீரே அநேகமாக மாட்டெலும்பில் கொதித்தது, கோழி போட்ட பாண் மீ என்ற சான்ட்விச் வாங்கும். மறே பகுதியில் ரோசியே தெருவில் ஃபலாஃபெல் என்ற கடலை வடை சாப்பிடலாம், சனிக்கிழமை போகாதேயும், யூதர் கடைகள் பல பூட்டி இருக்கும்.

பாண் விஷயத்தில், இங்கத்தைய நீளப் பாணை "பகெத்" என்று மட்டும் கேட்காமல் "திரடிசியோன்" என்று கேளும், சில சதம்தான் கூட. 1993-ல் போட்ட அரச ஆணைப்படி அதில் இரசாயனச் சேர்மானம் கலக்கக்கூடாது, மாவை உறையவைக்கவும் கூடாது. பாரிஸின் சிறந்த பகெத்துக்கு ஒவ்வொரு வருடமும் போட்டி வைத்து, வென்றவரிடம் ஒரு வருடத்துக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வாங்குவார்கள். 2023-ல் வென்றவர் இலங்கையில் இருந்து வந்த தர்ஷன் செல்வராஜா, இருபதாம் வட்டாரத்தில் பிரேனே தெருவில் பேக்கரி. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு "எங்கட பெடியன்" என்று லாச்சப்பல் முழுக்கப் பெருமை. நல்லது. ஆனால் பெருமைப்பட்டவர்களில் எத்தனை பேர் மெத்ரோ ஏறிப்போய் அந்தப் பாணை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப்பாரும்.

தாஜ்மகால் படம் போட்ட "இந்தியன்" கடைகளைப் பற்றியும் ஒன்று. பல இடங்களில் உள்ளே சமைப்பது எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்தான் நின்று பட்டர் சிக்கனும் சீஸ் நானும் செய்வான். பிழைப்பு, குறை சொல்லமாட்டேன், நானும் ஒரு காலம் செய்தேன். நீர் காசு கொடுத்து அதைச் சாப்பிடத் தேவையில்லை.

மாணவர் என்பதால் பல்கலைக்கழக உணவகத்தை, குரூஸ், மறக்காதேயும். நாலு யூரோவுக்குள் முழுச் சாப்பாடு. கிழமையில் நாலு நாள் அங்கே சாப்பிட்டு, மிச்சம் பிடித்த காசில் ஒருநாள் நல்ல ஃபோர்முலுக்குப் போம். ஜூஸியூப் பக்கம் படிக்கிறீர் என்றால் பெரிய பள்ளிவாசல் நடக்கிற தூரம், 1926-ல் திறந்தது, முற்றத்து மரத்தடியில் புதினாத் தேத்தண்ணீர் குடிக்கலாம், குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சாப்பாடும் உண்டு. கோப்பி குடிக்க வேண்டுமென்றால் கவுண்டரில் நின்று குடியும், பல இடங்களில் மேசையில் இருந்தால் விலை வேறு.

குஸ்குஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் வேலை முடிந்து கடைசி மெத்ரோவுக்கு முன் நாங்கள் போகிற ஒரு கபே இருந்தது, முதலாளி அல்ஜீரியாவின் கபில் மலைப் பக்கத்தவர். வெள்ளி இரவு ஒரு பியர் வாங்கினால் குஸ்குஸ் சும்மா. நாங்கள் நாலு பேர் போய் இரண்டு பியர்தான் வாங்குவோம், மனிசன் நாலு தட்டு வைப்பார். சோஸ் காணாது என்றால் சட்டியோடு கொண்டுவருவார். எங்களுக்கும் பிரெஞ்சு வராது, அவருடைய பிரெஞ்சும் எங்களுக்கு விளங்காது, கையால் கதைத்துக்கொள்வோம். இப்போது அந்த இடத்தில் பெர்கர் கடை. ஆனால் அந்த வழக்கம் சில பார்களில் இன்னும் இருக்கிறது, வெள்ளி, சனி இரவுகளில் விசாரித்துப் போம். தட்டில் சிவப்பாக மெர்கெஸ் சொசேஜ் வைத்தால் மட்டும் என்ன இறைச்சி என்று கேளும், பல இடங்களில் ஆட்டோடு மாடும் சேர்த்துத்தான் அரைப்பார்கள்.