நெத்திலியில் ஒரு செமஸ்டர்

கேள்வி: கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் தொழில்முனைவுப் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் பிசினஸ் பிளான் எழுதி, பிபிடி காட்டி மார்க் வாங்கிவிடுகிறார்கள். யாரும் எதையும் விற்றதில்லை. ஒரு செமஸ்டருக்குள் நிஜ வியாபாரம் செய்ய வைக்க முடியுமா?

பதில்: முடியும். நாலு பேருக்கு ஒரு குழு, கையில் 2,000 ரூபாய், ஒரே பொருள். உங்கள் கரைக்கு நெத்திலிக் கருவாடு தோது. பத்துப் பேரிடமாவது முன்பணம் வாங்காத குழு மீன் வாங்கக் கூடாது. ‘நல்லாருக்கும், செய்ங்க’ என்பதெல்லாம் ஆர்டர் ஆகாது.

அடுத்தது கணக்கு. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஏறக்குறைய நாலு கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். தலை கிள்ளினால் இன்னும் குறையும். பச்சை மீன் கிலோ 100 ரூபாய் என்று வையுங்கள். மீனுக்கு 400, ஐஸ், உப்பு, ஆட்டோவுக்கு 60, பத்துப் பைக்கும் லேபிளுக்கும் 80. ஆக 540, நூறு கிராம் பொட்டலத்தின் அடக்கம் 54. பிள்ளைகள் 65 என்று விலை போட்டு 11 ரூபாய் லாபம் என்பார்கள். கடைக்காரர் 20 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 52. இதில் அவர்கள் கூலி சேரவே இல்லை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நீங்கள் போட்டுக் காட்டாதீர்கள்; முதல் விற்பனை முடிந்து அவர்களே நோட்டில் கண்டுபிடிக்கட்டும்.

மணலில் காயப்போட விடாதீர்கள், பல்லில் நறநறக்கும். கம்புப் பரணில் வலை விரித்துக் காயவையுங்கள். வெயிலில் எடுத்த சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆறவிட்டு அடைக்க வேண்டும். மெல்லிய பாலிதீன் பை வேண்டாம், நாற்றம் வெளியே வரும்.

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. பதிவுள்ள மகளிர் குழு ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் இடத்தில், அவர்கள் பதிவு எண்ணை லேபிளில் போட்டே செய்வது சுலபம்.

ஜூலையில் தொடங்கும் செமஸ்டர் என்றால் செப்டம்பருக்குள் இரண்டு தடவை காயவைத்து முடியுங்கள். ஐப்பசி மழையில் கருவாடு காயாது. அடுத்த செமஸ்டரில் ஏப்ரல் 15-க்கு முன் மீன் வாங்கிவிடுங்கள். அன்று விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கும், விலை ஏறும்.

மார்க்கை லாபத்துக்குப் போடாதீர்கள். முதல் தடவை பட்டதை வைத்து இரண்டாம் தடவை விலையில், பையில், வாங்கும் ஆளில் எதை மாற்றினார்கள் என்பதற்குப் போடுங்கள். லாபத்துக்கு மார்க் என்றால் பெரியம்மாவே பத்துப் பொட்டலமும் வாங்கிவிடுவார். சொந்தக்காரர் வாங்கியதை நோட்டில் தனிப் பத்தியில் எழுதச் சொல்லுங்கள்.