வேட்டையில் தவறுதலாக ஒருவரைச் சுட்டுவிட்டால் அது குற்றமாகுமா?

இதற்கு விடை காண, சுட்டவரின் மனநிலையைப் பார்க்க வேண்டும். உள்நோக்கம் என்பது, செயலைச் செய்த கணத்தில் செய்தவரின் மனம் எதை நாடியது என்பதே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டம், வேண்டுமென்றே செய்ததையும், ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாமல் செய்ததையும், அறிந்திருக்க வேண்டிய பேராபத்தைக் கவனிக்கத் தவறியதையும் வெவ்வேறாக எடைபோடுகிறது. காயம் ஒன்றாக இருந்தாலும் பழி ஒன்றல்ல. 2006 பிப்ரவரியில் அங்கே காடை வேட்டையின்போது, பறந்த பறவையைக் குறிவைத்துத் துப்பாக்கியோடு திரும்பிய அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, உடன் வந்த 78 வயது வழக்கறிஞரின் முகத்திலும் மார்பிலும் ரவைகள் பாயச் சுட்டுவிட்டார். விபத்து என்றே முடிவானதால் குற்றவழக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், பறவை வேட்டைக்குரிய 7 டாலர் அனுமதி முத்திரை இல்லாததற்கு அவருக்கு எச்சரிக்கை வந்தது.

பின்னால் பார்க்காமல் காரை ரிவர்ஸ் எடுப்பவர் யாரையும் இடிக்க நினைப்பதில்லை. ஆனாலும் அவர் பார்த்திருக்க வேண்டும். 'விபத்து' என்றாலே பொறுப்பு தீர்ந்தது எனப் பலர் நினைக்கிறார்கள். குற்றவழக்கு இல்லாவிட்டாலும், கவனக்குறைவுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம்.